மேற்படலம் மறுபரிசீலனை செய்கிறது

சென்னியப்பன் வாயைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். சென்னிமலைக்காரர். ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, "சாயம் போகாத பெட்சீட்டுங்க, சலுகை இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டுமுங்க" என்று கோபியிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் கூவித் திரிந்தவர். அந்த ஒரு நாள் ஏறக்குறைய இருபது வருடம் நடந்தது. ஆட்டோவும் அவரும் சேர்ந்து இருமத் தொடங்கிய காலத்தில், கோயமுத்தூர் கண்காட்சி ஒன்றில் முனைவர் அர்த்தநாரி அவர் குரலைக் கேட்டார். கேட்டு, ஆறு பெட்சீட் வாங்கினார். காரில் ஏறப்போனவர் திரும்பி வந்தார்.

"எனக்குப் பெட்சீட் தேவையே இல்லை. ஆனாலும் வாங்கிவிட்டேன். இந்தக் குரல் எங்கள் நிறுவனத்துக்கு வேண்டும்" என்றார்.

அர்த்தநாரி இயக்குநராக இருந்த இடத்தின் பெயர் மேற்படலப் பாதுகாப்பு மேன்மை நிறுவனம். மதுக்கரையைத் தாண்டி, சிமெண்டுத் தூசி படிந்த வேப்பமரங்களுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடமாக நின்றது. லித்தியம் பேட்டரிகளுக்குள் உருவாகிற பாதுகாப்புப் படலத்தை ஆராய்ந்து, பக்குவமாக வளர்த்து, 'மேன்மை' என்று முத்திரை குத்தி அனுப்புவது அதன் தொழில். வாசலில் ஒரு பெரிய பலகை: 'பதினோரு ஆண்டுகளாக விபத்தே இல்லை.' பலகையின் ஒரு மூலை கருகியிருந்தது. அந்தக் கருகலை மறைத்து ஒரு மாலை போட்டிருந்தார்கள். மாலையும் கொஞ்சம் கருகியிருந்தது.

காலையில் முற்றத்தில் பாதுகாப்பு உறுதிமொழி வாசிக்க வேண்டும், பகலில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் வேலை. சென்னியப்பனுக்கு ஒரே சந்தோசம். அவருடைய அக்கா மகள் யுவஸ்ரீ அங்கேதான் இளநிலைப் பொறியாளராக இருந்தாள். முதல் நாள் கேண்டீனில் அவளிடமே கேட்டார்.

"என்ன கண்ணு அது, படலம் படலம்னு சொல்றாங்க? பாம்புச் சட்டையாட்டமா?"

"இல்லீங் மாமா. புதுசா தோசைக்கல்லு வாங்குனா எண்ணெய் தடவி, சின்னத் தீயில காய வெச்சுக் காய வெச்சுப் பழக்குவோமில்லீங்க? கல்லு மேல தோலாட்டம் ஒண்ணு படியும், அப்புறம் மாவு ஒட்டாது. பேட்டரிக்குள்ளயும் அப்படித்தானுங்க. ஒரு பக்கம் பென்சில் கரியாட்டம் கிராபைட்டு இருக்கும். முதல் தடவ சார்ஜ் ஏத்தறப்ப, உள்ள இருக்கற திரவம் அந்தக் கரி மேல பட்டுச் சிதைஞ்சு மெல்லிசா படியும். படிஞ்சுபோட்டா, மிச்சத் திரவம் கெடாது. லித்தியம் மட்டும் அந்தப் படலத்துக்குள்ள நுழைஞ்சு போய்ட்டு வரும்."

"அவசரப்பட்டா?"

"திட்டுத்திட்டாப் படியும். லித்தியத்துக்கு உள்ள போக வழி இருக்காது. மேலயே ஊசி ஊசியா முளைக்கும். அந்த ஊசி நடுவால இருக்கற தடுப்பக் கிழிச்சுதுன்னா…"

"டமார்!" என்று பக்கத்தில் இருந்தவன் மேசையைத் தட்டினான். சென்னியப்பனின் டீ சிந்தியது. அவன் பெயர் மதன்குமார். காங்கேயத்துக்காரன், யுவஸ்ரீயோடு ஒரே அறையில் வேலை செய்கிறவன். எதற்கும் சிரிப்பான். அவனுக்கு இடது புருவம் இல்லை. ஏன் இல்லை என்று கேட்கச் சென்னியப்பனுக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலையே காரணம் தெரிந்தது. முற்றத்தில் எல்லோரும் வரிசையாக நிற்க, சென்னியப்பன் உறுதிமொழியை முழங்கினார். "இன்று எவருக்கும் எதுவும் நேராது. நேர்ந்தாலும் அது நேர்ந்ததாகாது." அந்த வரியில் மூன்றாம் அறையின் ஜன்னல் சட்டத்தோடு கழன்று வந்து கொடிக்கம்பத்தில் மோதியது. பின்னாலேயே புகை வந்தது. புகைக்குப் பின்னால் ஒருவன் கன்னத்தில் தகரத் துண்டு செருகியபடி நடந்து வந்து வரிசையில் தன் இடத்தில் நின்றான். ரத்தம் சட்டைப் பையை நிறைத்து, பேனாவை நனைத்து, பூட்ஸில் சொட்டியது. அவன் கையை நீட்டி உறுதிமொழியைத் தொடர்ந்து சொன்னான்.

சென்னியப்பன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, தீ…" என்று ஆரம்பிப்பதற்குள் ஒரு கை அதன் வாயைப் பொத்தியது. சொல்லாட்சி அலுவலர் மோகனப்பிரியாவின் கை அது.

"அந்தச் சொல் வளாகத்துக்குள் கிடையாது" என்றாள் அமைதியாக. "நான் சொல்வதைச் சொல்லுங்கள். மூன்றாம் அறையில் மேற்படலம் மறுபரிசீலனை செய்கிறது. அனைவரும் பணியைத் தொடரலாம்."

சென்னியப்பன் சொன்னார். வளாகம் முழுவதும் நன்றாகவே கேட்டது. 'மறுபரிசீலனை' என்றதும் சம்பள விசயம் என்று நினைத்துக் கேண்டீனிலிருந்து மூன்று பேர் மூன்றாம் அறையை நோக்கி வேகமாகப் போனார்கள். இரண்டாவது பேட்டரி அப்போது வெடித்தது.

அன்று மத்தியானம் மோகனப்பிரியா அவருக்குப் பாடம் நடத்தினாள். வெடித்தால் மறுபரிசீலனை. அடிபட்டவன் பங்கேற்பாளர். ஆம்புலன்ஸ் வந்தால் அது நலப்பயண ஊர்தி. தோல் உரிந்தால் மேற்புறப் புதுப்பிப்பு. சொல்லும்போது அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. மேசை மேல் இருந்த தண்ணீர்க் குவளை மட்டும் அடுத்த அறையின் அதிர்வில் மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்தது. அவள் பார்க்காமலே அதைத் திரும்ப நடுவில் வைத்தாள்.

"ஏனுங்க அம்மணி, எல்லாரும் ஓடணும்னா என்னன்னு சொல்றதுங்க?"

"ஓடுவது என்பதே கிடையாது."

அதைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் இருந்தார். காவல் பிரிவுத் தலைவர் மாசாணம். கோதாவில் குஸ்தி போட்டவர், கழுத்து என்று ஒன்று தனியாக இல்லாதவர். ஒவ்வொரு வாசலிலும் அவருடைய ஆட்கள் லத்தியோடு நின்றார்கள். யாராவது ஓடினால் முழங்காலுக்குக் கீழே ஒரு அடி விழும். அறையை விட்டு நடந்து வந்தவர்களை விட ஓடி வந்தவர்களுக்குத்தான் கட்டு அதிகம். அடித்து முடித்ததும் மாசாணமே குனிந்து, "மெதுவாப் போங்க, கால் வலிக்குமுங்க" என்று கைத்தாங்கலாகக் கூட்டிப்போவார்.

இதன் தத்துவத்தை அர்த்தநாரி திங்கட்கிழமைக் கூட்டத்தில் விளக்கினார். "அன்பர்களே! மின்கலம் வெடிப்பது இயற்கை. மனிதன் ஓடுவதுதான் விபத்து. ஓடுகிறவனைப் பார்த்துத்தான் இன்னொருவன் ஏதோ நடந்துவிட்டது என்று நினைக்கிறான். யாரும் நினைக்காவிட்டால் எதுவும் நடக்கவில்லை. இந்த நாட்டில் எத்தனையோ நிறுவனங்கள் விபத்தைத் தடுக்க முயன்று தோற்றிருக்கின்றன. நாம் விபத்தை விட்டுவிட்டு அதன் பெயரைத் தடுத்தோம். வென்றோம்."

கைதட்டல் எழுந்தது. கட்டுப் போட்ட கைகள் மேசையைத் தட்டின.

தீயணைப்பான்கள் இருந்தன. நடைகூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாக, சந்தனம் குங்குமம் வைத்து, பூட்டி வைத்திருந்தார்கள். எடுத்தால் எடுத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் பலகையை மாற்ற வேண்டும். ஆகையால் வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் காட்டுவதோடு சரி. அந்தக் கற்பூரம்தான் வளாகத்தில் அதிகாரபூர்வமாக அனுமதிக்கப்பட்ட ஒரே தீ.

மாதக் கடைசியில் பங்கேற்பாளர்களுக்குச் சால்வை போர்த்துவார்கள். மதன்குமாரிடம் சால்வைகள் ஒரு கட்டு இருந்தன. "அண்ணா, நீங்க பெட்சீட்டு வித்தீங்க, எனக்கு மாசாமாசம் சும்மாவே கெடைக்குதுங்க" என்று சென்னியப்பனிடம் சிரித்தான். வலது கை மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருந்ததால் இடது கையால் டீ குடித்தான். அவனுக்குக் கார்த்திகையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "பொண்ணு ஊட்ல புருவத்தப் பத்திக் கேட்டாங்கண்ணா. பேஷன்னு சொல்லிப்போட்டேன்."

சென்னியப்பனால் சாப்பிட முடியவில்லை. இவ்வளவு காலம் அவர் கூவியதைக் கேட்டு ஜனங்கள் ஏமாந்திருக்கலாம். இரண்டு துவைப்பில் சாயம் போயிருக்கும், திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். இப்போது அவர் கூவியதைக் கேட்டு மனிதர்கள் நெருப்பைப் பார்த்து நடந்தார்கள். யுவஸ்ரீயிடம் சொன்னார்.

"போயிறலாம் கண்ணு. எனக்கு இந்தச் சோறு எறங்கல."

"நானும் போய்ட்டா அந்த ரூமுல 'வேண்டாம்'னு சொல்ல ஆளே இல்லீங் மாமா."

"சொன்னாக் கேக்கறாங்களா?"

"இல்லீங்க. ஆனாச் சொல்றேன்."

ஆவணியில் டெல்லியிலிருந்து விருது அறிவிப்பு வந்தது. விபத்தின்மைக்கான தேசிய விருது. அதைக் கொடுக்க ஓர் உயரதிகாரி நேரில் வருவதாகச் செய்தி. மேடையிலேயே அன்று பிறந்த புதிய பேட்டரிகளை வரிசையாக நிற்கிற ஸ்கூட்டர்களில் பொருத்தி, கொடியசைத்து அனுப்புவது என்று அர்த்தநாரி முடிவு செய்தார். ஜோசியர் குறித்துக் கொடுத்த நல்ல நேரம் காலை பத்தரை. விழாவுக்கு முந்தின நாள் வரை பேட்டரிகளுக்கு முதல் சார்ஜ் ஏற்றவே ஆரம்பிக்கவில்லை.

யுவஸ்ரீ இயக்குநர் அறைக்குப் போனாள். சென்னியப்பன் அறிவிப்புத் தாளோடு வாசலில் நின்றிருந்ததால் பேசியது முழுவதும் அவர் காதில் விழுந்தது.

"சார், படலம் படியறதுக்கு ரெண்டு நாளாச்சும் வேணுமுங்க. காலைல ஏத்தி காலைலயே எடுத்தம்னா திட்டுத்திட்டாப் படியும். உள்ள ஊசி வளரும். அத்தனையும் ஒரே ரூமுல அடுக்கியிருக்குங்க சார். ஒண்ணு சூடானா படலமே கரைய ஆரம்பிக்கும், பக்கத்துல இருக்கறதையும் இழுத்துக்கும்."

"எனக்குப் பாடம் எடுக்கிறாயா, அம்மா?" அர்த்தநாரி கோபப்படவில்லை. கனிவாகவே பேசினார். "மெதுவாக ஏற்றினால்தான் படலம் சீராக வளரும் என்று முதலில் எழுதியவனே நான்தான். என் முனைவர் பட்ட ஆய்வே அதுதான். ஆனால் அது பட்டம் வாங்க எழுதியது. இது விருது வாங்க."

"வெடிக்குமுங்க சார்."

"மறுபரிசீலனை செய்யும்" என்று திருத்தினார். "வெளியே கேட்காதபடி கதவைப் பூட்டிவிடச் சொல்கிறேன். படலத்துக்கும் மன ஒருமை கிடைக்கும்."

விருது நாள் காலையில் முற்றத்தில் பந்தல் போட்டு, வாழை கட்டி, நாதஸ்வரம் வாசித்தார்கள். முன் வரிசையில் உயரதிகாரி. அவர் கையில் இளநீர். மேடைக்கு வலப்பக்கம் ஸ்கூட்டர்கள். அதற்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட படல வளர்ப்பு அறை. உள்ளே யுவஸ்ரீ, மதன்குமார், இன்னும் சிலர். வெளியே பூட்டு. சாவி மாசாணத்தின் இடுப்பில்.

அர்த்தநாரி பேச எழுந்தார். "படலம் என்பது என்ன? உள்ளே நடப்பதை வெளியே தெரியாமல் காப்பது. ஒரு நிறுவனத்துக்கும் அதுவே உயிர்…"

அறைக்குள் பட்டாசு போல ஒரு சத்தம் கேட்டது. உயரதிகாரி இளநீர்க் குழாயிலிருந்து வாயை எடுத்தார்.

"வரவேற்பு வேட்டு, ஐயா" என்றார் அர்த்தநாரி.

உயரதிகாரி மகிழ்ந்து தலையாட்டினார். மோகனப்பிரியா சென்னியப்பனுக்குச் சைகை காட்டினாள். அவர் ஒலிவாங்கியை எடுத்தார். "வளர்ப்பு அறையில் மேற்படலம் மறுபரிசீலனை செய்கிறது. அனைவரும் அமர்ந்திருக்கலாம்." அனைவரும் அமர்ந்திருந்தார்கள். சிலர் கைதட்டினார்கள்.

அடுத்தது ஒன்றல்ல. கூரையைப் பிய்த்துக்கொண்டு நாலைந்து பேட்டரிகள் சீறி வந்தன. ஒன்று பந்தலில் ஏறியது. ஒன்று நாதஸ்வரக்காரரின் சீவாளியைப் பறித்துக்கொண்டு போய்ச் சுவரில் அடித்து, அங்கேயே சுழன்று, வெள்ளை நெருப்பாகக் கக்கியது. ஒரு ஸ்கூட்டர் தானாகவே எகிறி விழுந்தது. பின்வரிசையில் எழுந்து ஓடிய ஒரு பெண்ணின் முழங்காலில் லத்தி விழுந்தது. அவள் மேல் இன்னொருவர் விழுந்தார். அவருக்கும் ஒரு அடி விழுந்தது. பந்தல் துணி எரிந்து சொட்டுச் சொட்டாகத் தலைகளின் மேல் இறங்கியது. தலையில் நெருப்பு விழுந்தவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே தட்டி அணைத்துக்கொண்டு, லத்தியைப் பார்த்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தார்கள்.

"இரண்டாம் அறிவிப்பு" என்றாள் மோகனப்பிரியா. அவள் சேலை முந்தானை புகைந்துகொண்டிருந்தது.

சென்னியப்பன் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். புகைக்குள்ளிருந்து இரண்டு உள்ளங்கைகள் கண்ணாடியை அறைந்தன. ஒன்றின் மணிக்கட்டில் அவர் போன தீபாவளிக்கு யுவஸ்ரீக்கு வாங்கிக் கொடுத்த கறுப்பு வாட்ச். அவள் வாய் எதையோ கத்தியது, ஒன்றும் கேட்கவில்லை.

"தீ!" என்றார் சென்னியப்பன். "தீப்புடிச்சிருச்சுங்க! எந்திரிச்சு ஓடுங்க! அத்தன பேரும் ஓடுங்க! கதவத் தொறங்கடா, உள்ள புள்ளைங்க இருக்குது! தீ! தீ! தீ!"

இருபது வருடம் பெட்சீட் விற்ற அந்தக் குரலுக்கு முன்னால் மாசாணத்தின் லத்தி ஒன்றுமே இல்லை. மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் எழுந்தது. நாற்காலிகள் நொறுங்கின. உயரதிகாரி இளநீரை எறிந்துவிட்டு முதலில் ஓடினார். மாசாணம் மேடை மேல் பாய்ந்து வந்து சென்னியப்பனின் விலாவில் அடித்தார். உள்ளே எலும்பு ஒடிகிற சத்தம் ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது. இரண்டாவது அடிக்கும் சென்னியப்பன் விழவில்லை. ஒலிவாங்கியின் இரும்புக் கம்பத்தை அடியோடு பிடுங்கி மாசாணத்தின் முகத்தில் வீசினார். மூக்கு உடைந்து அந்த மலை சரிந்தது. கம்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். ஆமாம், ஓடினார். கண்ணாடியை அடித்தார். முதல் அடியில் விரிசல், இரண்டாவதில் சிலந்திவலை, மூன்றாவதில் கதவே உதிர்ந்தது. புகை அவர் மேல் கொட்டியது. கண்ணாடிச் சில்லுகளின் மேல் தவழ்ந்து ஒவ்வொருவராக வந்தார்கள். பின்னாலிருந்து யாரோ அவர்களைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். யுவஸ்ரீ கடைசிக்கு முந்தியவளாக வந்து விழுந்தாள். வலது உள்ளங்கைத் தோல் கண்ணாடிச் சில்லிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

"மதன் உள்ள இருக்கானுங் மாமா! அவன்தான் தள்ளிவுட்டான்!"

சென்னியப்பன் உள்ளே ஓர் அடி வைத்தார். பேட்டரி அடுக்கிய இரும்பு ரேக் மொத்தமாகச் சாய்ந்தது. அதற்குப் பிறகு உள்ளே வெளிச்சம் மட்டுமே இருந்தது.

விசாரணைக் குழு ஆஸ்பத்திரியிலேயே கூடியது. சாட்சிகள் அத்தனை பேரும் அங்கேதான் படுத்திருந்தார்கள், அழைப்பாணை அனுப்பத் தேவையில்லை. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி. சுத்தமான வேட்டி சட்டை, பொறுமையான முகம். சென்னியப்பனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"நீங்கள் ஒலிபெருக்கியில் அந்தச் சொல்லைச் சொன்னீர்களா?"

"எந்தச் சொல்லுங்க?"

"நான் சொல்ல முடியாது. நீங்களே சொல்லுங்கள்."

"'தீ'ங்களா? சொன்னேனுங்க. எரிஞ்சுதுங்களே."

"நீங்கள் சொல்வதற்கு முன்னால் அதை யாராவது அப்படிச் சொன்னார்களா?"

"இல்லீங்க."

"உயரதிகாரி ஓடினாரா?"

"இல்லீங்க. எளனி குடிச்சுட்டிருந்தாருங்க."

"நீங்கள் சொன்ன பிறகு?"

"ஓடுனாருங்க."

தலைவர் குழுவினரைப் பார்த்தார். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. "ஆக, பதினோரு ஆண்டுகள் நிகழாத ஒன்று உங்கள் வாயிலிருந்து நிகழ்ந்திருக்கிறது."

சென்னியப்பனுக்கு மூச்சு விடவே வலித்தது. தாம்தான் பற்றவைத்தோமோ என்று அவருக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்து அர்த்தநாரி எழுந்தார். அவருக்கு எங்கும் காயமில்லை. மேடைக்குப் பின்னால் கார் நின்றிருந்தது. "நிறுவனத்துக்கு இது சோதனைக் காலம். இருந்தாலும் ஒரு ஆறுதல். பங்கேற்பாளர்கள் அனைவரும் நலம். மதன்குமார் மட்டும் நீண்ட விடுப்பில் சென்றிருக்கிறார். அவருக்கான சால்வையைக் குடும்பத்தாரிடம்…"

யுவஸ்ரீ பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். வலது கை பந்து போலக் கட்டப்பட்டிருந்ததால் இடது கையால் அறைந்தாள். அர்த்தநாரியின் கண்ணாடி குழுத் தலைவரின் மடியில் போய் விழுந்தது. அவர் தடுமாறி நிமிர்வதற்குள் இன்னொன்று விழுந்தது. உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம் தெறித்தது.

"ஐயோ!" என்று அலறினார் அர்த்தநாரி. "அடிச்சுப்போட்டாளே! ரத்தம் வருதுங்களே! வலிக்குதுங்களே!"

கூடத்தில் எல்லோரும் திகைத்துப் போனார்கள். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு தமிழை அதுவரை யாரும் கேட்டதில்லை. மோகனப்பிரியா தன் கடமையை உணர்ந்து மெல்ல எழுந்தாள்.

"உள்ளங்கைத் தொடர்பு என்று போடலாமா, சார்?"

"அடின்னு போடு! அடிச்சாள்னு போடு! போலீசக் கூப்புடுங்க!"

போலீஸ் வந்தது. தீப்பிடித்த அன்று ஆஸ்பத்திரிப் பக்கம்கூட எட்டிப் பார்க்காதவர்கள் இயக்குநர் கன்னத்தில் அறை விழுந்ததும் உடனே வந்துவிட்டார்கள். ஸ்டேசனில் இன்ஸ்பெக்டர் பொற்கொடி யுவஸ்ரீயை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, விசாரிக்க ஆரம்பித்தார். சக்கர நாற்காலியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டுக் கூடவே வந்திருந்த சென்னியப்பன் சுவரில் சாய்ந்து நின்றார்.

"ஏம்மா, அடிச்சியா?"

"அடிச்சேனுங் மேடம். ரெண்டு."

"எதுக்கு அடிச்ச? காரணம் இல்லாம எழுத முடியாது."

"மதன்குமாரக் கொன்னுபோட்டு லீவுல போயிருக்கான்னு சொன்னாருங்க."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. "கொன்னா? யாரு, எப்படி?"

யுவஸ்ரீ சொல்லத் தொடங்கினாள். தோசைக்கல்லைப் பழக்குவது போலப் படலத்தைப் பழக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கி, பத்தரை மணி, பூட்டு, சாவி இருந்த இடுப்பு, சாய்ந்த ரேக் என்று ஒன்று விடாமல் சொன்னாள். இன்ஸ்பெக்டர் ஒன்று விடாமல் எழுதினார். ஓர் அறைக்குக் காரணம் கேட்டால் இவ்வளவு பெரிய காரணம் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஏட்டை அனுப்பி இன்னும் தாள் வாங்கி வரச் சொன்னார்.

இந்தச் செய்தி எப்படியோ நிறுவனத்துக்குப் போயிற்று. இருட்டுவதற்குள் அர்த்தநாரி ஸ்டேசனுக்கு ஓடி வந்தார். உதட்டில் மூன்று தையல். கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. பின்னால் மோகனப்பிரியா.

"இன்ஸ்பெக்டர், ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது" என்றார். பழைய தமிழ் திரும்பியிருந்தது, தையலால் கொஞ்சம் குழறியது. "என்னை யாரும் அடிக்கவில்லை."

"அப்புறம் இந்த வாய்?"

"அது… மேற்புறப் புதுப்பிப்பு."

"நான் அடிச்சேனுங் மேடம்" என்றாள் யுவஸ்ரீ.

"இல்லை, குழந்தை தவறாகச் சொல்கிறாள். அடிக்கவே இல்லை. ஆகவே காரணம் என்று ஒன்று கிடையாது. ஆகவே எழுதியதைக் கிழித்துவிடலாம்."

"அடிச்சேனுங்க. நல்லாத்தான் அடிச்சேன்."

"அடிக்கவில்லை!"

இன்ஸ்பெக்டர் பொற்கொடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடித்தவள் அடித்தேன் என்கிறாள். அடி வாங்கியவர் வாங்கவில்லை என்கிறார். அவருடைய சர்வீசில் இப்படி ஒரு கேசை அவர் பார்த்ததில்லை. கடைசியில் மோகனப்பிரியா பக்கம் திரும்பினார்.

"நீங்க கூட இருந்தீங்கல்ல? என்ன நடந்துச்சு?"

மோகனப்பிரியா வாயைத் திறந்தாள். அவள் கழுத்தில் முந்தானை எரிந்த இடம் கொப்புளமாக இருந்தது. அதை அவள் அதுவரை யாரிடமும் காட்டவில்லை. வழக்கமாக அவளுக்குச் சொற்கள் தயாராக இருக்கும். இப்போது அவள் கை தானாகப் போய்க் கொப்புளத்தைத் தொட்டது.

"எனக்குச் சொல்ல வரமாட்டேங்குதுங்க மேடம்" என்றாள் கடைசியில், அழுகையோடு. "தீக்காயம் பட்டிருக்குதுங்க. ரொம்ப எரியுதுங்க."

அர்த்தநாரி அவளைத் திருத்தத் திரும்பினார். யுவஸ்ரீ பெஞ்சிலிருந்து மெதுவாக எழுந்தாள்.

"மேடம், சாருக்குச் சந்தேகமா இருந்தா இன்னொருக்கா அடிச்சுக் காட்டட்டுங்களா?"

அர்த்தநாரி இரண்டு கைகளாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் கதவு நிலையில் தலை மோதி, அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் புதுத் தாளை எடுத்து, "சரி, முதல்லருந்து சொல்லும்மா" என்றார். சென்னியப்பன் விலாவை அழுத்திப் பிடித்தபடி அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.